சூடு அண்ணனுக்கு, வெளிச்சம் தங்கைக்கு

போன வாரம் ஸ்டெஃப்காவை எங்கே விட்டோம்? பேஸ்மென்ட் படிக்கட்டில், ஒரு கையில் மின்சார பில், மறு கையில் ஒற்றைச் செருப்பு. செருப்பு யார் மீதும் எறிய எடுத்ததில்லை, அவசரத்தில் ஒன்றைத்தான் மாட்டினேன், மற்றதைக் கையில் எடுத்துக்கொண்டேன் என்று அவள் சொல்கிறாள். நம்புகிறவர்கள் நம்பலாம்.

அப்படியே மேலே போனவள், அண்ணன் வீட்டுச் சாப்பாட்டு அறைச் சுவரில், வீட்டுச் சூட்டைக் கூட்டிக் குறைக்கும் தெர்மோஸ்டாட்டில் ‘ஆன்’ என்று கிடந்த சின்னப் பொத்தானை ‘ஆட்டோ’வுக்குத் தள்ளினாள். கீழே இரவு பகலாகத் தடதடத்துக்கொண்டிருந்த ஃபர்னஸ் ஃபேன் நின்றது. அக்டோபருக்குப் பிறகு அன்றுதான் அவள் கண் மூடித் தூங்கினாள்.

அந்தத் தூக்கத்துக்கு ஆயுள் ஆறு மணி நேரம்.

ஜனவரி ஆறாம் தேதி காலை, ஃபேன் மறுபடி தடதடவென்று ஆரம்பித்தது. வெளியே மைனஸ் முப்பத்து நாலு. பள்ளி பஸ்கள் ஓடாது என்று ரேடியோவில் சொல்லிவிட்டார்கள். ஸ்டெஃப்கா பஸ் ஓட்டுபவள். லீவு கிடைத்தும் தூங்க முடியாத கோபத்தோடு அவள் மேலே ஏறினாள், இந்த முறை இரண்டு செருப்பும் போட்டுக்கொண்டு.

தெர்மோஸ்டாட்டைக் காணோம். சரியாகச் சொன்னால், அது இருந்தது. அதன் மேல் ஒரு கண்ணாடிப் பிளாஸ்டிக் பெட்டி. பெட்டிக்கு ஒரு பூட்டு.

“மகாராணி எந்திரிச்சாச்சா?” என்றாள் வலேரி, அடுப்பங்கரையிலிருந்து. அண்ணன் மைரோனின் மனைவி. மேஜை முழுக்க மாவு, பெரோகிக் கொழுக்கட்டைக்கு ஓரம் கிள்ளிக்கொண்டிருந்தாள்.

“இது என்ன?”

“பெட்டி.”

“பெட்டின்னு எனக்குத் தெரியும். யாரு போட்டது?”

“உன் அண்ணன். காலையில அஞ்சரை மணிக்கு ஸ்க்ரூ போட்டான். கிறிஸ்துமஸுக்கு எனக்கு ஒரு அலமாரிக் கைப்பிடி மாட்டச் சொல்லி மூணு வாரமாச்சு, அதுக்கு நேரமில்ல.”

“சாவி?”

“அவன்கிட்ட. வேலைக்குப் போயிட்டான்.”

“வலேரி, அந்த ஃபேன் ஆன்ல இருந்தா நாள் பூரா ஓடும். ஆட்டோல வெச்சா, குளிர்ந்தா தானா வரும், சூடானா தானா நிக்கும். இது உனக்கும் தெரியும்.”

“எனக்குத் தெரிஞ்சதெல்லாம் என் கால் குளிருதுங்கறதுதான். ஃபேன் ஓடினா எல்லா ரூமும் ஒண்ணு போல இருக்கு.”

“உன் காலுக்கு ஒரு சாக்ஸ் வாங்கு. என் பில்லுல எதுக்குச் சூடாக்கற?”

வலேரி கிள்ளுவதை நிறுத்தினாள். “கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள். இன்னிக்குச் சண்டை போட்டா வருஷம் பூரா சண்டைன்னு உங்க ஜனங்கதானே சொல்வீங்க?”

“உங்க ஜனங்க, எங்க ஜனங்களா? முப்பது வருஷமா கிள்ளறே, இன்னும் உன் பெரோகி தண்ணில போட்டதும் வாயைத் திறக்குது. உன்னை மாதிரியே.”

வலேரி ரெஜைனாவிலிருந்து வந்த ஆங்கிலேயக் குடும்பத்துப் பெண். இந்த யார்க்டன் ஊரில் பாதிப் பேர் உக்ரைன் வம்சம். அவர்களில் பாதிப் பேர் இப்போது டிசம்பரிலேயே கொண்டாடிவிடுகிறார்கள். ஹ்ரிட்சாக் வீடு மட்டும் பழைய பஞ்சாங்கத்தை விடவில்லை, அதில் கிறிஸ்துமஸ் ஜனவரி ஏழாம் தேதி. அன்று மாலை பன்னிரண்டு பதார்த்தம், இறைச்சி கிடையாது, முதல் நட்சத்திரம் தெரிந்த பிறகுதான் சாப்பாடு. வலேரிக்கு அந்தப் பன்னிரண்டில் பதினொன்று நன்றாக வரும். பெரோகியைச் சொன்னால் பொறுக்க மாட்டாள்.

“கீழ போ” என்றாள். “என் அடுப்பங்கரையில நிக்காதே.”

புதிதாகப் படிக்க வந்தவர்களுக்கு இந்த வீட்டின் கணக்கைச் சொல்லிவிடுகிறேன். அப்பா நெஸ்டர் ஹ்ரிட்சாக் சாகும்போது வீட்டைப் பிள்ளைக்கும் பெண்ணுக்கும் சரிபாதி எழுதினார். மேல்தளம் மைரோனுக்கு. பேஸ்மென்ட், விவாகரத்தாகி ஒரு சூட்கேஸோடு வந்து நின்ற ஸ்டெஃப்காவுக்கு. ஆறு வருஷமாக அவள் உலகம் அதுதான். ஒருவர் கையெழுத்து இல்லாமல் மற்றவர் விற்க முடியாது. மாதாமாதம் வரும் செலவுக்கு, ஒரு சர்ச் காலண்டர் தாளின் பின்பக்கம் பென்சிலால் எழுதி, ஃபர்னஸ் பக்கத்துத் தூணில் ஆணியடித்து வைத்தார்:

சூடு – மைரோன். வெளிச்சம் – ஸ்டெஃப்கா.

கேஸ் பில் அவனுக்கு, கரண்ட் பில் இவளுக்கு. நாலே வார்த்தையில் குடும்பத்தைப் பிரித்த மனிதர். ஐந்தாவதாக ஒரு வார்த்தை எழுதியிருந்தால் எனக்கு இந்தத் தொடர்கதையே இருந்திருக்காது. ஃபர்னஸில் நெருப்பு கேஸில்தான் எரிகிறது. ஆனால் அந்தச் சூட்டைக் குழாய் வழியாக வீடெல்லாம் தள்ளும் ஃபேன் கரண்டில் ஓடுகிறது. அது சூடா, வெளிச்சமா? அப்பா யோசிக்கவில்லை. அவர் காலத்தில் யாரும் ஃபேனை இருபத்து நாலு மணி நேரமும் ஓட விட்டதில்லை.

ஆக, சுவிட்சு மேலே. சத்தம் கீழே. பில்லும் கீழே.

* * *

பதினொரு மணிக்கு வலேரி மீன் வாங்கக் காரை எடுத்துக்கொண்டு போனாள். அடுப்பில், மெல்லிய சூட்டில், கோஸ் இலையில் சுருட்டிய அரிசி உருண்டைகள் இரண்டு தட்டு வெந்துகொண்டிருந்தன.

கார் திரும்பியதைப் பார்த்துவிட்டு ஸ்டெஃப்கா ஃபியூஸ் பெட்டியைத் திறந்தாள்.

ஒவ்வொன்றாக அணைத்தாள். விளக்கு, ஃபிரிட்ஜ், தன் டீப் ஃப்ரீசர், துணி மெஷின். மேல்வீட்டு அடுப்பு என்று எழுதியிருந்த பெரிய சுவிட்சில் விரல் ஒரு கணம் நின்றது. ஒரே ஒரு கணம்தான். அதையும் அணைத்தாள். ஃபர்னஸ் மட்டும் ஓடியது.

தடிக் கோட்டை மாட்டிக்கொண்டு, வீட்டின் பின்சுவரில் இருக்கும் மீட்டருக்குப் போனாள். பேனா இந்தக் குளிரில் எழுதாது என்பதால் பென்சில். எண் மாறிய நிமிஷத்தைப் பில்லின் பின்பக்கம் குறித்துக்கொண்டாள். உள்ளே போனாள். கால் மணிக்கொரு தரம் வெளியே வந்து பார்த்தாள். மூச்சு முகத்தில் உறைந்தது. இலையுதிர் காலத்திலிருந்து விடாத வறட்டு இருமல் வேறு. அடுத்த எண் விழ இரண்டு மணி நேரம் ஆயிற்று.

இரண்டு மணிக்கு ஒரு யூனிட். நாளைக்குப் பன்னிரண்டு. மாதத்துக்கு முந்நூற்று அறுபது. யூனிட் பதினாறு சென்ட். ஐம்பத்தேழு டாலர் அறுபது.

“நீ செத்துப்போ!” என்று மேலேயிருந்து ஒரு குரல் கேட்டது.

வலேரி வந்துவிட்டாள். கையில் மீன் பொட்டலம், எதிரில் ஜில்லென்ற அடுப்பு.

“ரெண்டு மணி நேரம்! ரெண்டு மணி நேரமா அரிசி வேகாம கிடக்குது! வேணும்னே பண்ணினே!”

“சோதனை பண்ணினேன்” என்றாள் ஸ்டெஃப்கா, சுவிட்சுகளைத் திரும்பப் போட்டுக்கொண்டே.

“சோதனையா? என் அடுப்புல என்ன சோதனை உனக்கு?”

“அடுப்பு ஓடற கரண்டும் என்னோடதுதான், வலேரி. முணுமுணுக்காம கட்டிக்கிட்டிருக்கேன். சமையல் வேற, அது எல்லாருக்கும். ஆனா என் தலைமாட்டுல நாள் பூரா தடதடன்னு ஓடறதுக்கும் நானே கட்டணும்னா, அதுக்குப் பேரு என்ன?”

“அதுக்குப் பேரு குடும்பம்.”

“குடும்பமா? குடும்பத்துக்குப் பூட்டு போடுவாங்களா?”

வலேரி கதவை அறைந்த வேகத்தில் படிக்கட்டுச் சுவரிலிருந்த அப்பாவின் படம் சாய்ந்தது. இருவரும் நிமிர்த்தவில்லை.

* * *

இரண்டு மணிக்கு மைரோன் வந்தான். டிராக்டர் உதிரிபாகக் கடையில் வேலை, பண்டிகைக்காக அரை நாள். பின்சந்தில் வண்டியை நிறுத்தி, இறங்கியதும் முதல் வேலையாக வண்டியின் மூக்கிலிருந்து தொங்கும் ஒயரை இழுத்துச் சுவர் பிளக்கில் சொருகினான். இந்த ஊர்க் குளிரில் எஞ்சினுக்கு இரவு முழுக்கக் கரண்ட் கொடுத்துச் சூடேற்றி வைக்காவிட்டால் காலையில் வண்டி அசையாது.

“அதுவும் என் பில்லுதான்” என்றாள் ஸ்டெஃப்கா. மீட்டர் பக்கத்திலேயே காத்துக்கொண்டிருந்தாள்.

“உன் வண்டியும்தான் மாட்டியிருக்கு.”

“என் வண்டி என் பில்லு. நான் என்ன சொல்ல வர்றேன்னு உனக்குத் தெரியும். சாவியைக் குடு.”

மைரோன் கையுறையைக் கழற்றவில்லை. “என்ன சாவி?”

“நடிக்காதே, மைரோன். உனக்கு வராது. அப்பா என்ன எழுதினாரு? சூடு உனக்கு. ஃபேன் எதுக்கு ஓடுது? சூட்டுக்கு. அப்ப யாரு கட்டணும்?”

“ஃபேன் எதுல ஓடுது? கரண்டுல. கரண்டு வெளிச்சம். அப்பா எழுதினது அதுதான்.”

“வெளிச்சம்னா பல்பு!”

“அப்ப உன் ஃப்ரீசர்? அதுல பல்பா எரியுது?”

அண்ணன் தங்கை இருவருக்கும் வயது ஐம்பதைத் தாண்டியாயிற்று. மைனஸ் முப்பத்து நாலில் சந்தில் நின்றுகொண்டு, செத்துப்போன அப்பாவின் நாலு வார்த்தைக்கு வக்கீல்கள் மாதிரி உரை எழுதிக்கொண்டிருந்தார்கள். பக்கத்து வீட்டிலிருக்கும் என் அடுப்பங்கரை ஜன்னல் அந்தச் சந்தைப் பார்த்துத்தான் இருக்கிறது. ஜன்னல் மூடியிருந்தும் பாதி கேட்டது.

“மாசம் அம்பத்தேழு டாலர் அறுபது” என்று அவள் தாளை நீட்டினாள். “ரெண்டு மணி நேரம் நின்னு எடுத்த கணக்கு.”

“ஜனவரியில பாதி நேரம் அது ஓடத்தான் செய்யும். ஆட்டோல வெச்சாலும் ஓடும். உன் கணக்கு தப்பு.”

“சரி, பாதின்னே வெச்சுக்க. அக்டோபர்ல? நவம்பர்ல? அப்ப என்ன, வடதுருவத்துலயா இருந்தோம்?”

மைரோன் தாளைப் பார்த்தான். பிறகு பனியைப் பார்த்தான். பிறகு, நான் என் காதால் கேட்டது, இப்படிச் சொன்னான்:

“எவ்வளவுன்னு சொல்லு. தர்றேன்.”

ஸ்டெஃப்கா தாளை இறக்கினாள்.

“என்ன சொன்னே?”

“மூணு மாசத்துக்கும் சேத்துத் தர்றேன். ஃபேனை மட்டும் நிறுத்தாதே. அப்புறம்… கதிர்க்கட்டை நான் வந்து எடுக்கறேன். நீ அந்த அலமாரில ஏறாதே. விழுந்து வைக்கப் போறே.”

சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டான்.

மைரோன் ஒரே டீ பையை மூன்று முறை முக்குகிறவன். அப்பா சவப்பெட்டிக்கே பேரம் பேசியவன். அவன் கேட்காமல் காசு தருகிறான். அதற்கு மேல் தங்கை விழுந்துவிடுவாளே என்று கவலைப்படுகிறான். ஐம்பது வருஷத்தில் அவள் மூன்று முறை விழுந்திருக்கிறாள், மூன்று முறையும் தள்ளியது அவன்தான்.

ஆடு நனைகிறதே என்று ஓநாய் அழுதால், ஆடு என்ன செய்ய வேண்டும்? ஸ்டெஃப்கா நேராக ஃபர்னஸ் அறைக்குப் போய் அலமாரிமீது ஏறினாள்.

* * *

மேல்தட்டில், அட்டைப் பெட்டியில், கோதுமைக் கதிர்க்கட்டு இருந்தது. வருஷத்துக்கு ஒரு முறை, இந்த மாலைக்கு மட்டும், மேலே கொண்டுபோய் மூலையில் வைப்பார்கள். செத்துப்போன முன்னோர்கள் அதில் வந்து உட்காருவதாக நம்பிக்கை. எப்போதும் எடுத்து வருவது வீட்டு ஆண்பிள்ளை. அதனால் ஆறு வருஷத்தில் ஸ்டெஃப்கா அந்தப் பெட்டியைத் தொட்டதில்லை.

பெட்டியை நகர்த்தினாள். பின்னால் உள்ளங்கை அகலத்தில் ஒரு வெள்ளைக் கருவி இருந்தது. சின்னத் திரை. திரையில் ஓர் எண்.

640.

திருப்பிப் பார்த்தாள். ‘ரேடான்’ என்று அச்சடித்திருந்தது. கீழே, மைரோனின் கோணல் கையெழுத்தில், ‘அக். 4’.

அவளுக்கு யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை. பஸ் டிப்போ ஆபீஸில் இரண்டு வருஷத்துக்கு முன் இதே கருவியைத்தான் வைத்தார்கள். மண்ணுக்கு அடியிலிருந்து தரை வெடிப்பு வழியாக ஏறிவரும் வாயு. வாசனை கிடையாது, நிறம் கிடையாது. வருஷக்கணக்கில் மூச்சில் போனால் நுரையீரலில் புற்று வரலாம். இருநூறைத் தாண்டினால் சரிசெய்தே ஆக வேண்டும் என்று சொன்னார்கள். அங்கே இருநூற்று முப்பது வந்ததற்கே தரையில் ஓட்டை போட்டு, குழாய் இறக்கி, ஒரு சின்ன ஃபேன் வைத்து வெளியே தள்ளினார்கள்.

இங்கே அறுநூற்று நாற்பது. அவள் கட்டில் அந்தச் சுவருக்கு அந்தப் பக்கம்.

ஸ்டெஃப்கா பயந்தாள். காலையிலிருந்து அவளிடமிருந்த அத்தனை கோபமும் ஒரு நிமிஷம் எங்கோ போய்விட்டது. ஆறு பனிக்காலம். ஜன்னலையெல்லாம் மூடிக்கொண்டு, கம்பளியைக் கழுத்துவரை இழுத்துக்கொண்டு, இழுத்து இழுத்து மூச்சுவிட்டுத் தூங்கிய ஆறு பனிக்காலம். இருமல் வந்தது. இந்தத் தடவை அந்தச் சத்தத்தை அவளே உற்றுக் கேட்டாள்.

அக்டோபர் நாலில் கருவி. அதே வாரத்தில்தான் ஃபேன் நிற்காமல் ஓட ஆரம்பித்தது. அவனுக்குத் தெரியும். மூன்று மாதமாகத் தெரியும்.

பிறகு கோபம் திரும்பி வந்தது, இரண்டு பங்காக. ஆனால் அவள் மேலே ஓடவில்லை. கருவியை ஏப்ரன் பையில் போட்டுக்கொண்டு, தன் சின்ன அடுப்பில் குட்யாவைக் கிளற ஆரம்பித்தாள். கோதுமை, தேன், கசகசா. அந்த விருந்தின் முதல் வாய், எப்போதும் அவள் கைச் சமையல்.

* * *

ஐந்தேகால் மணிக்கு நட்சத்திரம் தெரிந்தது.

மேஜைமேல் வெள்ளை விரிப்பு, விரிப்புக்கு அடியில் ஒரு பிடி வைக்கோல். மூலையில் கதிர்க்கட்டு. அதை எடுக்கக் கீழே போன மைரோன், பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தபோது முகம் வெளுத்திருந்தான். பெட்டிக்குப் பின்னால் கை விட்டுத் துழாவியிருப்பான் போல. ஸ்டெஃப்கா அவனைப் பார்த்துச் சிரித்தாள்.

மூன்று பேர், நான்கு தட்டு. நான்காவது அப்பாவுக்கு. செத்தவர்களுக்கு ஒரு தட்டு வைக்காமல் இந்த விருந்து கிடையாது. வீட்டார் சாப்பிட்டு எழுந்தாலும் அந்தத் தட்டும் ஸ்பூனும் விடியும்வரை மேஜையிலேயே இருக்கும். யாரும் அதில் கை வைக்கக் கூடாது. மைரோன் எதில் கஞ்சனாக இருந்தாலும் இதில் ஒரு நூல் பிசக மாட்டான்.

அவன் எழுந்து நின்று, கிறிஸ்து பிறந்தார் என்று அவர்கள் மொழியில் சொன்னான். மற்றவர்கள் பதில் சொன்னார்கள். குட்யாவை ஒரு வாய் எடுத்துக்கொண்டான்.

“அப்பாவுக்கு நான் வைக்கறேன்” என்றாள் ஸ்டெஃப்கா.

ஏப்ரன் பையில் கை விட்டு, கருவியை எடுத்து, அப்பாவின் தட்டில் வைத்தாள்.

640.

வலேரிதான் முதலில் பேசினாள். “இது என்ன, அந்த வாடகை மெஷின் தானே? இதைத் திருப்பிக் குடுத்துட்டதாச் சொன்னியே, மைரோன்?”

“ஓ, உனக்கும் தெரியுமா?” என்றாள் ஸ்டெஃப்கா.

“வீட்டை விக்கணும்னா இது பாத்து வைக்கணும்னு தரகர் சொன்னாரு. பாத்தாச்சு, ஒண்ணுமில்லன்னு இவன்…” வலேரி நிறுத்திக்கொண்டாள். சொல்லக் கூடாததைச் சொல்லிவிட்டாள். யானை தன் தலையில் தானே மண் போட்டுக்கொண்டது.

“வீட்டை விக்கறீங்களா?”

மைரோன் தன் தட்டை நேராக நகர்த்தி வைத்தான்.

“மைரோன். அப்பா தட்டு எதிர்ல உக்காந்திருக்கே. வீட்டை விக்கறியா?”

“உன்கிட்டச் சொல்லத்தான் இருந்தேன். எட்டாம் தேதி ஒருத்தங்க பாக்க வர்றாங்க. முடிவாகலை.”

“என்னை என்ன பண்றதா உத்தேசம்? சாமானோட சேத்து விக்கறதா?”

“உன் பங்கு உனக்கு வரும்.”

“அந்தப் பங்குல இந்த ஊர்ல எனக்கு என்ன கிடைக்கும், ஒரு ஜன்னலா? சரி, அதை விடு. அறுநூத்தி நாப்பது. அதைச் சொல்லு முதல்ல.”

மைரோன் ஸ்பூனைக் கீழே வைத்தான். “நீ பயந்துக்குவேன்னுதான் சொல்லலை. அதான் ஃபேன் போட்டேன். நிக்காம ஓடினா காத்து கலக்கும், கீழ குறையும்னு கடையில ஒருத்தன் சொன்னான். குறைஞ்சுதான் இருக்கு! முதல்ல எழுநூத்திப் பத்து.”

“எழுபது குறைச்சே.”

“ஆமா.”

“குழாய் வெச்சுச் சரி பண்ண எவ்வளவு ஆகும்?”

“மூவாயிரம் கிட்ட கேட்டான். விக்கப் போற வீட்டுக்கு எதுக்குன்னு…”

“நான் தூங்கற வீடு, மைரோன்!” அவள் குரல் உடைந்தது. அழுதுகொண்டேதான் கத்தினாள், அதை மறைக்கவும் இல்லை. “நான் தூங்கற ரூம்! மூவாயிரம் கட்ட மனசில்ல, வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொல்ல மனசில்ல. என் நெஞ்சுக்குள்ள போற விஷத்தை ஊதறதுக்கு என்கிட்டயே பில்லு வாங்கினே! நான் ஒரு அம்பத்தேழு டாலருக்காகச் சண்டை போடற கிறுக்கின்னு இவளும் நீயும் மேல உக்காந்து சிரிச்சீங்க!”

“நான் சிரிக்கலை” என்றாள் வலேரி.

அவள் குரலில் ஏதோ மாறியிருந்தது. அப்பாவின் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். மெதுவாகத் தலையைத் திருப்பி, சுவரோரம் தரையில் சூட்டுக் காற்று வரும் கம்பி ஓட்டையைப் பார்த்தாள். பிளாஸ்டிக் பெட்டிக்குள் ‘ஆன்’ என்று கிடந்த பொத்தானுக்குப் பணிந்து, அதிலிருந்து புஸ்ஸென்று காற்று வந்துகொண்டிருந்தது.

“மைரோன், கீழ எழுபது குறைஞ்சது.”

“ஆமா, அதான் சொன்னேனே.”

“அது எங்க போச்சு?”

மைரோன் பெரோகி ஒன்றை எடுத்து, தின்னாமல் தட்டிலேயே வைத்தான்.

“கீழ இருந்த காத்தை மேல ஊதினியா? என் மூஞ்சில? மூணு மாசமா? காலுக்குக் கதகதப்பா இருக்குன்னு நான் இந்த ஓட்டை பக்கத்துல நாற்காலி போட்டு உக்காந்து டீ குடிச்சேன், நீ பாத்துக்கிட்டிருந்தியா?”

“மேல ரொம்பக் கம்மியாத்தான் வரும், வலேரி…”

“எவ்வளவு கம்மி? மேல மெஷின் வெச்சுப் பாத்தியா?”

பார்க்கவில்லை என்பது அவன் முகத்திலேயே எழுதியிருந்தது.

வலேரி எழுந்தாள். பாத்திர அலமாரியின் இழுப்பறையைத் திறந்து, தரகர் கொடுத்த விற்பனைத் தாளை எடுத்து, மேஜையில், காளான் சூப்புக்கும் மீனுக்கும் நடுவில் விட்டெறிந்தாள். அதில் மைரோன் கையெழுத்து இருந்தது. அதற்குக் கீழே ஒரு காலிக் கோடு.

ஸ்டெஃப்கா அந்தத் தாளை எடுத்து, நாலாக மடித்து, ஏப்ரன் பையில் வைத்துக்கொண்டாள். போடுகிறேன் என்றும் சொல்லவில்லை, போட மாட்டேன் என்றும் சொல்லவில்லை.

“சாவி” என்றாள்.

மைரோன் தந்தான்.

“இன்னிலேர்ந்து நான் மேல தையல் ரூம்ல படுத்துக்கறேன்.”

“படுத்துக்க” என்றாள் வலேரி. சமாதானம் என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். எரிகிற கொள்ளியில் எது நல்ல கொள்ளி என்று பார்த்தாள், அவ்வளவுதான். “என் மெஷினைத் தொடாதே, நூல்பெட்டியைத் தொடாதே. மைரோன், உன் தலகாணியை எடுத்துக்கிட்டுக் கீழ போ.”

“வலேரி, இன்னிக்கு என்ன நாள்னு…”

“கீழ போ. நல்லாக் கலந்து வெச்சிருக்கியே காத்து, போய்ப் படு.”

ஏழு மணிகூட ஆகவில்லை. பன்னிரண்டு பதார்த்தத்தில் ஒன்பது தொடாமல் கிடந்தன. மைரோன் தலையணையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு படியிறங்கினான். சாய்ந்திருந்த அப்பாவின் படத்தைப் போகிற போக்கில் நிமிர்த்தினான். தங்கையின் கட்டில் முனகியது மேலே கேட்டது.

ஸ்டெஃப்கா பிளாஸ்டிக் பெட்டியைத் திறந்தாள். பொத்தானை ஆட்டோவுக்குத் தள்ளினாள். தடதடப்பு நின்றது. வீடு அப்படி அமைதியாகி எவ்வளவு நாளாயிற்று என்று மூன்று பேருக்கும் உறைத்திருக்கும். பெட்டியைத் திரும்ப மூடிப் பூட்டினாள்.

கீழே கட்டில் மறுபடி முனகியது. தூணில் ஆணியடித்த தாளை அவன் படித்துக்கொண்டிருந்தானோ என்னவோ.

“ஸ்டெஃப்கா?”

அவள் பூட்டை ஒரு முறை இழுத்துப் பார்த்தாள்.

“ஸ்டெஃப்கா, ஃபேனைப் போடு.”

“ஆட்டோல இருக்கு” என்றாள். “குளிர்ந்தா தானா வரும்.”

படிக்கட்டின் அடியில் காலடி கேட்டது. அவன் குரல் இப்போது பக்கத்தில், கொஞ்சம் உயர்ந்து வந்தது.

“எவ்வளவுன்னு சொல்லு! தர்றேன்!”

ஸ்டெஃப்கா மேஜைக்குப் போனாள். சாவியை அப்பாவின் தட்டில், ஸ்பூனுக்குப் பக்கத்தில், அந்த எண்ணுக்கு எதிரே வைத்தாள். விடியும்வரை அந்தத் தட்டில் யாரும் கை வைக்கக் கூடாது. அது மைரோனுக்கும் தெரியும்.